சிகாகோவில் எட்டு மணி நேரத்தின் தடம்: ஐந்து நாள் குறிப்புகள்

நாள் 1: ஹேமார்க்கெட்

எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கை இந்த ஊரில் எங்கே எழுந்தது, எங்கே அடிவாங்கியது, கடைசியில் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று பார்த்துவர ஐந்து நாள் போதும். கார் வேண்டாம். வெண்ட்ரா அட்டை ஒன்று வாங்கினால் நகர ரயில், பேருந்து இரண்டுக்கும் ஆகும். மெட்ரா புறநகர் ரயிலுக்கு மட்டும் தனிச் சீட்டு, அதுவும் நான்காம் நாள்தான் தேவைப்படும்.

கிளம்புமுன் முகவரிக் கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனை பூஜ்யம். அங்கிருந்து ஒரு மைலுக்கு 800 எண். தெற்கே முதல் மூன்று மைல் மட்டும் இதற்கு அடங்காது. அங்கே மைல்கள் 1200, 2200, 3100 என்று போகும். இந்த முறை 1909இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நீதிமன்றப் பதிவிலோ துண்டறிக்கையிலோ இருக்கும் கதவு எண்ணை அப்படியே மேப்பில் தட்டினால் சம்பந்தமில்லாத இடத்தில் போய் நிற்போம். மூன்றாம் நாள் பார்க்கப்போகும் ஹல் ஹவுஸ் என்ற வீட்டின் பழைய எண் தெற்கு ஹால்ஸ்டெட் 335. இன்று அதே வீடு 800.

இன்னொரு பொறியும் உண்டு. நகருக்குள் டெஸ்ப்ளெயின்ஸ் தெரு. மேற்கே ஃபாரஸ்ட் பார்க்கில் டெஸ்ப்ளெயின்ஸ் அவென்யூ. விமான நிலையத்துக்கு அப்பால் டெஸ்ப்ளெயின்ஸ் என்று ஒரு தனி ஊரே இருக்கிறது. இன்றைக்குத் தெரு, நாளைக்கு அவென்யூ. ஊருக்குப் போகவே வேண்டாம்.

பச்சை அல்லது பிங்க் தடத்தில் கிளின்டன் நிலையத்தில் இறங்கி, லேக் தெருவில் மேற்கே இரண்டு தெரு தாண்டி இடது பக்கம் திரும்பினால் டெஸ்ப்ளெயின்ஸ் தெரு. லேக்குக்கும் ராண்டால்ஃபுக்கும் நடுவே நடைபாதையில் ஒரு வெண்கலச் சிற்பம் நிற்கிறது. மேரி பிராகர் செய்தது, 2004இல் வைத்தார்கள். ஒரு வண்டி, அதன்மேல் ஆட்கள், கீழே ஆட்கள். யாருக்கும் அடையாளம் காணும்படியான முகம் கிடையாது. வண்டியைப் பூட்டுகிறார்களா பிரிக்கிறார்களா என்றும் சொல்ல முடியாது. செம்பழுப்பு நிறம். பீடத்தைச் சுற்றிப் பல நாட்டுத் தொழிற்சங்கங்கள் பதித்த தகடுகளைப் படிக்கவே கால் மணி நேரம் ஆகும்.

ஏன் வண்டி? 1886 மே 4 இரவு பேச்சாளர்கள் ஏறி நின்றது அப்படி ஒரு வண்டியின்மேல்தான். கூட்டம் அறிவிக்கப்பட்ட இடம் ராண்டால்ஃப் தெருவில் இருந்த வைக்கோல் சந்தை, அதாவது ஹேமார்க்கெட். அங்கே 20,000 பேர்கூட நிற்கலாம். வந்தது இரண்டு மூன்றாயிரம். அகன்ற திடலில் கூட்டம் சிறுத்துத் தெரியும் என்று அரைத் தெரு தள்ளி இந்தச் சந்துமுனைக்கு மாற்றினார்கள். மாற்றிய இடமோ காவல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது.

துண்டறிக்கையிலும் ஒரு கோளாறு. அச்சுக்குப் போன முதல் வடிவத்தில் தொழிலாளர்களை ஆயுதத்தோடு வரச்சொல்லும் ஒரு வரி இருந்தது. அந்த வரி இருந்தால் பேச வரமாட்டேன் என்றார் பேச்சாளர்களில் ஒருவரான அராஜகவாதப் பத்திரிகை ஆசிரியர் ஆகஸ்ட் ஸ்பைஸ். அச்சை நிறுத்தி வரியை எடுத்துவிட்டுத்தான் 20,000 படி அடித்தார்கள். அதற்குள் சில நூறு படி பழைய வரியோடு வெளியே போயிருந்தது. வழக்கு மன்றத்தில் அரசுத் தரப்பு கையில் எடுத்தது அந்தச் சில நூறைத்தான்.

கோரிக்கைக்கு இதைவிட வயது அதிகம். இல்லினாய் மாநிலத்தில் எட்டு மணி நேரச் சட்டம் ஒன்று 1867 மே 1 அன்றே நடைமுறைக்கு வந்தது. 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற ஒரு தொடரை அதில் விட்டுவைத்திருந்தார்கள். முதலாளிகள் எல்லோரிடமும் அந்த 'வேறு ஒப்பந்த'த்தை வாங்கிக்கொள்ள, எதிர்த்து எழுந்த வேலைநிறுத்தமும் சில நாளில் பிசுபிசுத்தது. சட்டம் ஏட்டோடு சரி. அதனால்தான் 1884இல் சிகாகோவில் கூடிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு சட்டமன்றத்தை நம்பவில்லை. 1886 மே 1 முதல் எட்டு மணி நேரமே ஒரு நாள் வேலை என்று தானே தீர்மானம் போட்டது. நாள் வந்ததும் நாடு முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். 1870இல் 3 லட்சம் மக்கள் இருந்த சிகாகோ 1890இல் 11 லட்சத்தைத் தொட்ட ஊர். ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் போலிஷ்காரரும் செக் மக்களும் மரக்கிடங்கிலும் இறைச்சிக்கூடத்திலும் இரும்பாலையிலும் நெருக்கியடித்து நின்ற காலம். எட்டு மணி இங்கே மற்ற ஊர்களைவிட உரத்து ஒலித்ததில் வியப்பில்லை.

மே 3 அன்று மெக்கார்மிக் அறுவடை இயந்திர ஆலை வாயிலில் போலீஸ் சுட்டது. பிப்ரவரியிலிருந்தே அங்கே கதவடைப்பு, உள்ளே கருங்காலிகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஷிப்ட் முடியும் மணி அடித்ததும் பக்கத்துக் கூட்டத்திலிருந்து ஒரு பகுதி ஆலை வாயிலை நோக்கி ஓடியது. தொழிலாளர்கள் செத்தார்கள். அதைக் கண்டித்துத்தான் மறுநாள் கூட்டம்.

அன்றிரவு மேயர் கார்ட்டர் ஹாரிசனே வந்து நின்று கேட்டார். அமைதியாகத்தான் போகிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மழை வருகிற மாதிரி இருந்ததால் கூட்டமும் கரைந்து சில நூறு பேர்தான் மிச்சம். சாமுவேல் ஃபீல்டன் பேசி முடிக்கப்போகும் நேரத்தில் இன்ஸ்பெக்டர் பான்ஃபீல்ட் சுமார் 175 போலீஸாரோடு வந்தார். கூட்டத்தைக் கலையச் சொன்னார் கேப்டன் வார்ட். எங்கிருந்தோ ஒரு குண்டு விழுந்தது. போலீஸ் இருட்டில் சரமாரியாகச் சுட்டது. போலீஸ் தரப்பில் ஏழு பேர் இறந்தனர். பொதுமக்களில் குறைந்தது நான்கு பேர். குண்டு எறிந்தவர் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அராஜகவாத இயக்கத்தைச் சேர்ந்த எட்டுப் பேருக்குத் தண்டனை மட்டும் கிடைத்தது.

இந்தச் சதுக்கத்தில் முதலில் எழுந்தது ஒரு போலீஸ்காரர் சிலை, 1889இல். 1927 மே 4 அன்று, அதாவது அதே தேதியில், ஒரு டிராம் தடம் விலகி அதில் மோதியது. தூக்கிய கையோடு நிற்கும் அந்த உருவத்தைத் தினமும் பார்த்துச் சலித்துவிட்டது என்று ஓட்டுநர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. 1969இலும் 1970இலும் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். இடம் மாறி மாறி இப்போது மிச்சிகன் அவென்யூவில் போலீஸ் தலைமையகத்தில் பத்திரமாக இருக்கிறது. இங்கே தேடாதீர்கள்.

சென்னைக்கும் இந்த நடைபாதைக்கும் ஒரு கோடு உண்டு. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் உயர்நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலுமாக இரண்டு இடங்களில் நடத்தியதுதான் இந்தியாவின் முதல் மே தினம். சரியாக நூறாண்டு கழித்து, தினசரி வேலை நேர வரம்பைத் தளர்த்த வழிசெய்யும் தொழிற்சாலைத் திருத்தம் தமிழகச் சட்டப்பேரவையில் 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறியது. அது திரும்பப் பெறப்படும் என்று முதல்வர் அறிவித்த நாள் மே 1. அமெரிக்காவிலோ மே தினம் விடுமுறையே கிடையாது. அவர்களுடைய தொழிலாளர் தினம் செப்டம்பரில். அது எப்படி வந்தது என்பதற்கு நான்காம் நாள் புல்மன் போக வேண்டும்.

நாள் 2: ஃபாரஸ்ட் பார்க்

நீலத் தடத்தின் மேற்குக் கடைசி நிலையம் ஃபாரஸ்ட் பார்க். இந்தத் தடத்தில் ரயில் ஊர்ந்து போகும் பகுதிகள் உண்டு என்பதால் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். இறங்கி டெஸ்ப்ளெயின்ஸ் அவென்யூவில் தெற்கே கால் மணி நேர நடை. கல்லறைத் தோட்டத்தின் இன்றைய பெயர் ஃபாரஸ்ட் ஹோம். அன்று இந்தப் பகுதி வால்ட்ஹைம். வாயில் மூடும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு காலையிலேயே வருவது உத்தமம்.

ஹேமார்க்கெட் வழக்கில் தூக்கிலிடப்பட்டவர்களுக்கு நகருக்குள் இடம் கிடைக்கவில்லை. மதச் சார்பில்லாத ஜெர்மானியக் கல்லறை ஒன்று எல்லைக்கு வெளியே இருந்ததால் இங்கே வந்தார்கள். 1887 நவம்பர் 11 அன்று ஸ்பைஸ், பார்சன்ஸ், ஃபிஷர், எங்கல் நால்வருக்கும் தூக்கு. தூக்குத் தண்டனை பெற்ற ஐந்தாமவர் லிங் முந்தின நாளே சிறை அறையில் இறந்துபோயிருந்தார். ஃபீல்டனுக்கும் ஷ்வாபுக்கும் தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. நீபேக்கு 15 ஆண்டு. இந்த எட்டுப் பேரில் ஃபீல்டன் ஒருவர்தான் இங்கே இல்லை, கொலராடோவில் அடங்கினார்.

நினைவுச் சின்னம் ஆல்பர்ட் வைனர்ட் வடித்தது. முக்காடிட்ட ஒரு பெண், விழுந்து கிடக்கும் தொழிலாளியின் தலையில் ஒரு கையால் மலர்வளையம் வைக்கிறாள். நடையில் துக்கம் இல்லை, அவசரம் இருக்கிறது. பீடத்தில், நீங்கள் இன்று நெரிக்கும் குரலைவிட எங்கள் மௌனம் வலிமை பெறும் நாள் வரும் என்ற பொருளில் ஸ்பைஸின் கடைசி வாசகம். பெரும்பாலோர் முன்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஆளுநர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட் எழுதிய மன்னிப்பு ஆணையிலிருந்து ஒரு பகுதி அங்கே இருக்கிறது.

சின்னம் திறக்கப்பட்டது 1893 ஜூன் 25. மறுநாளே ஆல்ட்கெல்ட் சிறையிலிருந்த மூவரையும் விடுவித்தார். கருணை காட்டி விடுவித்திருந்தால் அவருக்கு அரசியல் வாழ்க்கை மிஞ்சியிருக்கும். அவர் வழக்கையே பிரித்துப் போட்டுவிட்டார். ஜூரி திட்டமிட்டுப் பொறுக்கி எடுக்கப்பட்டது, குண்டு எறிந்தவரோடு இவர்களை இணைக்கும் சான்று இல்லை, நீதிபதி ஒருபக்கம் சாய்ந்தார் என்று காரணத்தை வரிசையாக எழுதினார். பத்திரிகைகள் பிய்த்து எறிந்தன. 1896 தேர்தலில் தோற்றார்.

சுற்றிலும் உள்ள கற்களைப் பார்க்க அரை மணி ஒதுக்குங்கள். அராஜகவாதி எம்மா கோல்ட்மன் இங்கே இருக்கிறார், தூக்கிலான பார்சன்ஸின் மனைவி லூசி பார்சன்ஸ் இருக்கிறார். தொழிற்சங்கத் தலைவர் பில் ஹேவுட்டின் சாம்பலில் ஒரு பாதி மாஸ்கோவில் கிரெம்ளின் சுவரிலும் மறுபாதி இங்கேயுமாக உள்ளது.

நாள் 3: ஹல் ஹவுஸ்

நீலத் தடம், யுஐசி-ஹால்ஸ்டெட் நிலையம். அருங்காட்சியகம் வாரம் முழுக்கத் திறந்திருப்பதில்லை, நாளைப் பார்த்து வாருங்கள். விவேகானந்தர் பேசிய இடம் என்று ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டுக்கு வரும் தமிழர்கள் பலர். அவருடைய சீடர் அளசிங்கப் பெருமாள் சென்னையில் வீடு வீடாகப் பணம் திரட்டி அனுப்பியதால் நடந்த பயணம் அது. 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசிய கட்டடத்திலிருந்து இந்த வீடு மூன்று கிலோமீட்டருக்குள்தான். இங்கே அப்போது தொழிற்சாலை ஆய்வு வேலை தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ஏழைக் குடியேறிகளுக்கு நடுவே வாழ்ந்து உதவ ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் 1889 செப்டம்பரில் குடிவந்த வீடு. 1856இல் கட்டியது. பின்னாளில் 13 கட்டடங்களாக வளர்ந்தது. 1960களில் பல்கலைக்கழக வளாகத்துக்காக இடித்தபோது இரண்டு மட்டும் தப்பின: மூல வீடும், 1905இல் எழுந்த உணவுக்கூடமும். ஆக இப்போது பார்ப்பது ஒரு பெரிய குடியிருப்பின் முன்பல் இரண்டு. சுற்றியிருந்த சந்துகள், குடிசைகள், தையல் அறைகள் எதுவும் இல்லை.

இங்கே நின்று பார்க்க வேண்டியது கூலி வரைபடம். சமூகச் சீர்திருத்தவாதி ஃபிளாரன்ஸ் கெல்லி 1891 கடைசியில் இங்கே வந்து சேர்ந்தார். மத்தியத் தொழிலாளர் துறை 1893இல் நகரச் சேரிகளைக் கணக்கெடுத்தபோது சிகாகோ பொறுப்பு அவருக்கு வந்தது. கணக்காளர்கள் வீடு வீடாகப் படிவம் நிரப்பினார்கள். ஹல் ஹவுஸ்காரர்கள் அந்தப் படிவங்களைப் படியெடுத்து, மனை மனையாக வண்ணம் தீட்டி 1895இல் வெளியிட்டார்கள். எல்லை: மேற்கே ஹால்ஸ்டெட், கிழக்கே ஸ்டேட், வடக்கே போல்க், தெற்கே பன்னிரண்டாம் தெரு. பன்னிரண்டாம் தெருவை இன்றைய மேப்பில் தேடினால் கிடைக்காது, அது இப்போது ரூஸ்வெல்ட் சாலை. இந்த எல்லைக்குள் 18 நாட்டார் வாழ்ந்தார்கள். குடும்பத்தின் வார வருமானம் 5 டாலர் அல்லது அதற்கும் குறைவு என்றால் கறுப்பு, 20 டாலருக்கு மேல் என்றால் மஞ்சள், நடுவே வேறு வண்ணங்கள். ஒரே மனையில் முன்வீடு ஒரு நிறம், பின்கட்டு இன்னொரு நிறமாக இருப்பதைக் கவனியுங்கள். அந்தப் பரப்பின் நடுவே இன்று விரைவுச்சாலை ஓடுகிறது.

வண்ணம் பூசியதோடு கெல்லி நிற்கவில்லை. தையல் தொழிலின் சங்கிலியைக் கடைசிக் கண்ணிவரை பிடித்தார். பெரிய துணிக்கம்பெனி வெட்டிய துணியைச் சப்-காண்ட்ராக்டரிடம் கொடுக்கும். அவர் ஒரு குடியிருப்பின் மாடியில் நாலைந்து தையல் இயந்திரம் போட்டிருப்பார். காஜா எடுப்பது, பித்தான் தைப்பது, ஓட்டுத்தையல் பிரிப்பது எல்லாம் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பீஸ் கணக்கில் போகும். கம்பெனியைக் கேட்டால் அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்று சொல்லிவிடலாம். திருப்பூர் பக்கம் ஜாப் ஒர்க் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையிருக்காது.

1893 கோடையில் வந்த இல்லினாய்ச் சட்டம் மூன்று காரியம் செய்தது. 14 வயதுக்குட்பட்டவர்களை ஆலைகளில் வைக்கத் தடை. குடியிருப்பு அறைகளில் வெளியாள் வைத்துத் துணி தைக்கத் தடை. ஆலைகளிலும் பட்டறைகளிலும் பெண்களுக்கு ஒரு நாள் எட்டு மணி, வாரம் 48 மணி வரம்பு. அமல்படுத்த ஒரு தலைமை ஆய்வாளர், ஒரு உதவியாளர், பத்து துணை ஆய்வாளர்கள். பத்தில் ஐந்து பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே உண்டு. ஆல்ட்கெல்ட் தலைமைப் பொறுப்பைக் கெல்லிக்கே கொடுத்தார், ஆண்டுச் சம்பளம் 1,500 டாலர்.

பன்னிரண்டு பேர், ஒரு மாநிலம். எங்கெல்லாம் ஓட்டை விழுந்தது என்பதுதான் பாடம். 14 முதல் 16 வயதுக்குள் உள்ள பிள்ளைக்குப் பெற்றோர் வயதுப் பிரமாணம் எழுதித்தந்தால் போதும் என்றிருந்தது. பதினொரு வயதுப் பிள்ளை தாளில் பதினான்காகிவிடும். சந்தேகப்பட்டால் மருத்துவச் சான்று கேட்கலாம் என்ற பிரிவை கெல்லி அதனால்தான் இறுகப் பிடித்துக்கொண்டார். வழக்குப் போடலாம் என்றால் அரசு வழக்கறிஞர் கண்டுகொள்ளவில்லை. கெல்லி மாலை வகுப்பில் சேர்ந்து சட்டம் படித்துப் பட்டமே வாங்கிவிட்டார். 1894இல் பெரியம்மை பரவியபோது நோயாளி கிடந்த அறையிலேயே கோட்டு தைத்துக் கடைக்குப் போவதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நகரச் சுகாதாரத் துறையோடு கடும் சண்டை. வாங்குபவன் வீட்டுக்கும் அம்மை வரும் என்றதும்தான் பலருக்குத் தையல்காரி கண்ணில் பட்டாள். கசப்பான உண்மை, ஆனால் அன்றைய சீர்திருத்தம் பாதி ஓடியது இந்த எண்ணெயில்தான்.

1895 மார்ச்சில் எட்டு மணிப் பிரிவு செத்தது. ரிச்சி என்ற அட்டைப்பெட்டித் தயாரிப்பாளர் தொடுத்த வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தன் உழைப்பை எத்தனை மணிக்கு விற்பது என்று ஒப்பந்தம் செய்துகொள்ளும் பெண்ணின் சுதந்திரத்தில் சட்டம் தலையிடுகிறதாம். 1867இல் ஓட்டையாக இருந்த 'ஒப்பந்தம்' இப்போது அரசியல் சட்ட உரிமையாகத் திரும்பி வந்தது. அதை உடைக்கக் கெல்லி நியூயார்க்கில் நுகர்வோர் சங்கத்துக்குத் தலைமையேற்று வேறு வழி எடுத்தார். நீண்ட நேர வேலை உடம்பை என்ன செய்கிறது என்று மருத்துவர்களும் ஆய்வாளர்களும் எழுதியதைத் திரட்டி நீதிமன்றத்தில் கொட்டுவது. பெண்களின் வேலை நேர வரம்பு பற்றிய ஓரிகன் மாநில வழக்கில் 1908இல் அது எடுபட்டது. இல்லினாய் 1909இல் பத்து மணி நேரச் சட்டம் போட்டபோது அதே ரிச்சி மறுபடி வழக்குத் தொடுத்து 1910இல் தோற்றார். எட்டு கேட்டு, பதினைந்து ஆண்டு கழித்துப் பத்து கிடைத்தது.

குப்பைக் கதையையும் விடக்கூடாது. 1895இல் ஜேன் ஆடம்ஸ் இந்த 19ஆம் வார்டின் குப்பை ஆய்வாளராக நியமனம் பெற்றார். காலை ஆறு மணிக்கு எழுந்து குப்பை வண்டிகளின் பின்னாலேயே போவார். ஒரு குறுகிய தெருவில் சுரண்டச் சுரண்டக் குப்பை. 18 அங்குலம் தோண்டியபின் தளம் போட்ட சாலை தெரிந்தது. அப்படி ஒரு சாலை கீழே இருப்பதே அங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரியாது.

நல்லவர்களும் தப்புக் கணக்குப் போடுவார்கள். 1902இல் டைபாய்டு வந்தபோது அதே வீட்டிலிருந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், திறந்த கழிப்பிடங்களில் ஈ பிடித்துச் சோதித்து, ஈக்களே காரணம் என்று எழுதினார். பெரும் புகழ் கிடைத்தது. உண்மையில் நீரேற்று நிலையம் பழுதாகிக் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்திருந்தது, சுகாதாரத் துறை அதை மூடி மறைத்திருந்தது. இதைப் பிற்பாடு தன் நினைவுக் குறிப்பில் எழுதியவரும் ஹாமில்டனேதான். ஈயம், பாஸ்பரஸ் போன்ற தொழில் நச்சுகளைப் பற்றிய அமெரிக்க ஆய்வு அவரிடமிருந்துதான் வேர்பிடித்தது.

நாள் 4: புல்மன்

மில்லேனியம் நிலையத்திலிருந்து மெட்ரா எலக்ட்ரிக். 111ஆம் தெருவில் எல்லா வண்டியும் நிற்காது. கால அட்டவணையில் உங்கள் வண்டியைச் சரிபார்த்து ஏறுங்கள், இல்லாவிட்டால் 115ஆம் தெரு கென்சிங்டனில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். திரும்பும் வண்டியையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

ரயில் படுக்கைப் பெட்டி செய்த ஜார்ஜ் புல்மன் 1880இல் வெறும் புல்வெளியில் கட்டத் தொடங்கிய ஆலை நகரம். கட்டடக் கலைஞர் சோலன் பீமன். செங்கல்லுக்கு மண் பக்கத்துக் கலுமெட் ஏரியிலிருந்து. மணிக்கூண்டுக் கட்டடம் 1998இல் தீவைப்பில் எரிந்து, மீட்டெடுக்கப்பட்டு, 2021 முதல் பார்வையாளர் மையம். அங்கே தொடங்கி, 111ஆம் தெருவைக் கடந்து, மகள் பெயரில் எழுப்பிய ஃபிளாரன்ஸ் ஹோட்டல், பச்சைக்கல் தேவாலயம், சந்தைக்கூட இடிபாடு, தொழிலாளர் வரிசை வீடுகள் என்று ஒரு சுற்று. இரண்டு மணி நேரம் பிடிக்கும். வரிசை வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன, சன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

வீடுகள் நல்ல வீடுகள். தண்ணீர்க் குழாய், எரிவாயு, பின்சந்து, குப்பை வாருதல் எல்லாம் 1880களிலேயே. முந்தின நாள் பார்த்த வரைபடத்தின் கறுப்பு மனைகளோடு ஒப்பிட்டால் சொர்க்கம். ஆனால் ஒரு செங்கல்கூடத் தொழிலாளிக்குச் சொந்தமாகாது. ஊரே ஆண்டுக்கு 6 சதவீதம் ஈட்டித்தர வேண்டும் என்பது புல்மன் கணக்கு. தேவாலயத்துக்கும் வாடகை உண்டு. அவர் சொன்ன வாடகையைத் தர எந்தச் சபைக்கும் கட்டுப்படியாகாமல் கட்டடம் காலியாகக் கிடந்தது. மதுவிற்பனை ஃபிளாரன்ஸ் ஹோட்டலில் மட்டும். தொழிலாளி அங்கே போய் உட்கார முடியுமா என்ன.

1893 மந்தத்தில் ஆர்டர் குறைந்தது. கூலியைச் சராசரியாக நாலில் ஒரு பங்கு வெட்டினார்கள். வாடகையைத் தொடவில்லை. பங்குதாரருக்கு 8 சதவீத ஈவு வழக்கம்போல் போனது. ஆலை வேறு, வீட்டுவாடகை வேறு, இரண்டையும் குழப்பக்கூடாது என்பது நிர்வாகத்தின் வாதம். குழப்பியது அவர்களுடைய சம்பள நாள்தான். கூலியும் வாடகைப் பிடித்தமும் ஒரே இடத்தில் நடந்தன. பிடித்தம் போகக் கையில் 2 சென்ட் காசோலை வாங்கிய ஒருவரைப் பற்றி உள்ளூர்ப் போதகர் சாட்சியம் அளித்திருக்கிறார்.

1894 மே 11இல் வேலைநிறுத்தம். ஜூன் 26 முதல் யூஜின் டெப்ஸின் அமெரிக்க ரயில்வே சங்கம் புல்மன் பெட்டி கோத்த வண்டிகளை ஓட்ட மறுத்தது. பாதி நாடு நின்றது. தபாலைத் தடுக்கிறார்கள் என்று காட்டி, ஜூலை 2 அன்று மத்திய நீதிமன்றத் தடையாணை, மறுநாள் படை. ஆல்ட்கெல்ட் நாங்கள் கேட்கவில்லையே என்று அதிபர் கிளீவ்லாண்டுக்கு எழுதிய கண்டனம் பலிக்கவில்லை. டெப்ஸ் சிறைக்குப் போனார். இந்தக் களேபரத்துக்கு நடுவே, ஜூன் 28 அன்று, கிளீவ்லாண்ட் கையெழுத்திட்டதுதான் செப்டம்பர் தொழிலாளர் தின விடுமுறைச் சட்டம்.

சங்கத்தின் தோல்விக்குப் படை மட்டும் காரணம் இல்லை. கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்று ரயில்வே சங்கம் வாக்கெடுத்து முடிவு செய்திருந்தது. புல்மன் பெட்டியில் படுக்கை விரித்து, பூட்ஸ் துடைத்து, டிப்ஸை நம்பி வாழ்ந்த போர்ட்டர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர். அவர்களுக்கு வேலைநிறுத்தத்தில் இடமே தரப்படவில்லை. அந்த அத்தியாயத்துக்கு வடக்கே 104ஆம் தெருப் பக்கம், மேரிலாண்ட் அவென்யூவில் உள்ள, போர்ட்டர் சங்கத் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் பெயரிலான அருங்காட்சியகத்துக்கு நடக்க வேண்டும். 1925இல் தொடங்கிய போர்ட்டர் சங்கம் 12 ஆண்டு இழுபறிக்குப்பின் 1937 ஆகஸ்ட் 25இல் ஒப்பந்தம் வாங்கியது. மாதம் 400 மணி என்றிருந்த வேலை 240 ஆனது. முப்பது நாளால் வகுத்துப் பாருங்கள், எட்டு வரும். விடுமுறையே இல்லாத எட்டு.

நாள் 5: இறைச்சிக்கூட வாயில், கிரேஸ்லாண்ட்

8ஆம் எண் ஹால்ஸ்டெட் பேருந்தில் தெற்கே எக்ஸ்சேஞ்ச் அவென்யூ. மேற்கே ஒரு தெரு நடந்தால் யூனியன் ஸ்டாக் யார்ட்ஸின் சுண்ணாம்புக்கல் வாயில். 475 ஏக்கர் மாட்டுப்பட்டிக்கு மிஞ்சியது இந்த ஒரு வளைவு. வளைவின் நடுவே ஒரு காளைத் தலை. 1865 முதல் 1971 வரை ஓடிய இடம். சுற்றிலும் இப்போது கிடங்குகள், லாரிகள். அரை மணிக்குமேல் தேவையில்லை. தனியாக வருபவர்கள் பகலிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் 1904இல் ஏழு வாரம் இங்கே தங்கித் தகவல் திரட்டி 'தி ஜங்கிள்' என்ற நாவல் எழுதினார். தொழிலாளியின் வாழ்வைக் காட்ட நினைத்தார். படித்தவர்கள் தங்கள் தட்டைப் பார்த்துப் பதறினார்கள். 1906 ஜூன் 30இல் இறைச்சி ஆய்வுச் சட்டம் வந்தது, கூடத்தில் நின்றவனின் நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. அவனுக்கு எட்டு மணி வந்தது 1918 மார்ச் 30 அன்று. முதல் உலகப்போர் நடக்கிறது, ராணுவத்துக்கு இறைச்சி நிற்கக்கூடாது, வேலைநிறுத்தமும் கூடாது. அதனால் நீதிபதி சாமுவேல் ஆல்ஷூலர் நடுவராக உட்கார்ந்து, பத்து மணிக் கூலிக்கு எட்டு மணி வேலை என்று தீர்ப்பளித்தார். 44ஆம் தெரு, மார்ஷ்ஃபீல்டில் இருக்கும் டேவிஸ் சதுக்கப் பூங்காவில் கூட்டம் கூடிக் கொண்டாடினார்கள். நாடு முழுமைக்கும் வாரம் 40 மணி வரம்பைப் படிப்படியாகக் கொண்டுவர 1938 சட்டம் வரை பொறுக்க வேண்டியிருந்தது. அதன் பின்னணியில் இருந்த தொழிலாளர் துறைச் செயலர் ஃபிரான்சஸ் பெர்கின்ஸ், இளமையில் ஹல் ஹவுஸில் தங்கிப் பழகியவர். அந்தச் சட்டத்தில் கையெழுத்தான தேதியும், வால்ட்ஹைம் சின்னம் திறந்த தேதியும் ஒன்றுதான்: ஜூன் 25. இடையில் 45 ஆண்டு.

மதியத்துக்குமேல் சிவப்புத் தடத்தில் வடக்கே ஷெரிடன் நிலையம். இர்விங் பார்க் சாலையில் மேற்கே நடந்தால் கிளார்க் தெரு முனையில் கிரேஸ்லாண்ட் கல்லறை. அலுவலகத்தில் வரைபடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். மெக்கார்மிக் குடும்பம் இங்கே, இறைச்சிக்கூட முதலாளி ஆர்மர் இங்கே, புல்மன் இங்கே. நகருக்குள் இவர்களுக்கு இடம் கிடைத்தது.

புல்மன் கல்லறையில் ஓர் உயரமான கொரிந்தியத் தூண். அதை வடிவமைத்தவரும் பீமன்தான். தூணைவிட முக்கியமானது கீழே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. 1897இல் இறந்தவரின் உடலைத் தொழிலாளர்கள் தோண்டி எடுத்து அவமதிப்பார்கள் என்ற பயத்தில், ஈயம் பொதிந்த பெட்டியைக் கான்கிரீட்டுக்குள் புதைத்து, மேலே ரயில் தண்டவாள இரும்பைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, மறுபடி கான்கிரீட் ஊற்றினார்கள். அடுத்த ஆண்டே மாநில உச்ச நீதிமன்றம் ஆலைக்கு வேண்டாத வீடுகளை விற்றுவிடும்படி கம்பெனிக்கு உத்தரவிட்டது.

ஆல்ட்கெல்டும் இதே தோட்டத்தில்தான். இந்தத் தூண் மாதிரி தூரத்திலிருந்தே கண்ணில் படாது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே போங்கள்.